ஏரித் திட்டில் அடித்த ஆணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். படிப்பவர்கள் பிழையைத் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிப் பழகியது சுவரில். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஓர் அம்பு, பக்கத்தில் அளவு, அவ்வளவுதான். பூச்சு வேலை ஏறியதும் அதுவும் மறைந்துவிடும். மறையாமல் இருக்கும் என்று தெரிந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

கட்டட வேலையில் என் பங்கு மார்க்கிங். வரைபடத்தில் இருப்பதைத் தரையில் கொண்டுவந்து வைக்கிற வேலை. முளை அடிப்பேன், கயிறு கட்டுவேன், மூலை பார்ப்பேன், மட்டம் எடுப்பேன். மட்டத்துக்கு என்னிடம் நாற்பது அடி டியூப் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற குழாய். அதில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தை முளைக்கு முளை குறித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் கணக்கில் இஞ்சுக்கும் சின்ன அளவு நூல், ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு குளியலறையில் தண்ணீர் தேங்கினால் மட்டம் எடுத்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதில் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

வெள்ளானூரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் போனால் ஓர் ஏரி வரும். ஏரிக்குள் ஒரு திட்டு. முன்பு தூர் வாரியவர்கள் அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோகச் சிரமப்பட்டு உள்ளேயே குவித்துவிட்டுப் போனார்கள். அதில் கருவேலம் முளைத்தது. மரம் வளர்ந்ததும் ஐப்பசியில் பறவைகள் வர ஆரம்பித்தன. நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம். கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பங்குனியில் கிளம்பிப் போகும். மழைக்காலத்தில் திட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். கோடையில் நடந்தே போகலாம்.

ஏரியைச் சுற்றி நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது. அத்தனை தெருக்களின் கழிவுநீரும் ஒரு கால்வாய் வழியாகக் கரையில் வந்து ஏரிக்குள் விழுந்தது. அதைச் சுத்தம் செய்து விடுவதற்கு ஒரு கட்டடம் வேண்டும் என்று முடிவானது. கரையோரம் வழக்கில்லாத இடம் ஒரு சென்ட்கூட இல்லை. மிச்சம் இருந்தது திட்டுதான்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்ட பெரிய அதிகாரி முதலில் ஒரு வரைபடம் போட்டார். ஒரே நீளக் கொட்டகை, நான்கு மோட்டார், ஏரிக்கு மேலே கரண்ட் கம்பி. பாதி மரம் போய்விடும். அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் பறவையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பெண் இன்ஜினியரைக் கூப்பிட்டு வேறு வரைபடம் போடச் சொன்னார்கள்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு ஸ்கூட்டரில் வருவார். முதல் நாள் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அந்த முளைய இங்கன கொண்டாங்க" என்றார். எங்கள் மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், அண்ணாச்சின்ற? இவுரு இன்னா மளிக கட வச்சுகினு கீறாரா? கால் கிலோ பருப்பு கேளுங்கோ, குடுப்பாரு."

"எங்க ஊர்ல பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம். உங்களயும் கூப்பிடட்டா?"

"ஐயோ, எனுக்கு வேணாம் தாயி. எங்க ஊட்ல கேட்டா உப்பு எங்கன்னு கேப்பா."

அதன் பிறகு வேலை முடியும்வரை நான் அண்ணாச்சிதான்.

அந்த மேடம் வரைந்த கட்டடத்தைக் கட்டடம் என்றே சொல்ல முடியாது. மரங்களுக்கு இடையே கிடைத்த இடத்தில் மூன்று சின்னத் துண்டுகள். சுவர் கோரைப்புல் உயரத்தைத் தாண்டாது. கண்ணாடி கிடையாது, பறவை மோதும். வெள்ளைப் பூச்சு கிடையாது. கூரை மேல் மண் போட்டுப் புல் வளர்க்க வேண்டும். கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கித் தெளியும். பிறகு ஜல்லி நிரப்பிக் கோரை நட்ட பாத்தி, அப்புறம் மணல் பாத்தி, கடைசியாக ஒரு தொட்டி. அங்கிருந்து ஏரி.

"மோட்டாரே கிடையாது அண்ணாச்சி. தண்ணி தானா எறங்கிப் போணும். மோட்டார் சத்தம் ஒரு வாரம் கேட்டுச்சுன்னா பறவை எல்லாம் எந்திரிச்சுப் போயிரும்லா."

அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் அவருடைய வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஓடாது என்று ஆகிவிட்டால் அது செல்லாது. அதிகாரியின் கொட்டகையே கொஞ்சம் மாற்றத்தோடு திரும்பி வரும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதிகாரி அந்தப் பழைய வரைபடத்தைச் சுருட்டித் தன் கார் பின்சீட்டிலேயே வைத்திருந்தார்.

தண்ணீர் தானாக இறங்குவதற்கு அங்கே உயரம் அதிகம் இல்லை. மேலே தெருக் கால்வாய் வந்து விழும் உயரம் மாறாது. கீழே கலங்கல் மாறாது. கலங்கல் என்றால் ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல் சுவர். ஏரித் தண்ணீர் அதுவரை ஏறும். கடைசித் தொட்டி அதற்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏரி தொட்டிக்குள் வந்துவிடும். கரையிலிருந்து திட்டுக்கு வரும் குழாயின் சரிவுக்குப் போக இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்தது ஓர் அடி இரண்டு இஞ்ச். அதற்குள் நான்கு இறக்கம். ஓர் இறக்கத்துக்கு மூன்றரை இஞ்ச். ஆகையால் மேடம் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை, மட்டத்தை மட்டும் கேட்டார்.

சித்திரையில் மட்டம் எடுத்தோம். ஏரி காய்ந்து கிடந்தது. கலங்கல் கல்லிலிருந்து ஆரம்பித்து டியூபைப் பிடித்துக்கொண்டு முளை முளையாகத் திட்டு வரை போனேன். போன வழியே திரும்பி வந்து பார்த்தேன். இரண்டு நூல்தான் வித்தியாசம். அடுத்த நாள் சர்வேக்காரர் மெஷினோடு வந்தார். அவர் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக இருந்தன. மேடம் சுண்ணாம்புத் தூள் போடக்கூடாது என்றார், நைலான் நூல் கட்டக்கூடாது என்றார். பறவையின் காலில் சிக்குமாம். தென்னங்கயிறு கட்டினேன். ஒவ்வொரு மரத்துக்கும் விலகி விலகி அந்தக் கயிற்றைப் பத்துத் தடவையாவது அவிழ்த்துக் கட்டியிருப்பேன்.

மட்டத்தை எங்காவது நிலையாகக் குறித்து வைக்க வேண்டும். முளையை மாடு தட்டிவிடும். கல்லை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் நல்ல மரம் இருந்தால் அதில் ஆணி அடித்துவிடுவோம். மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார்.

"மரத்துல அடிச்சுடு. மரம் எங்க ஓடப் போவுது?"

திட்டின் ஓரத்தில், கூடு இல்லாத ஒரு பருத்த கருவேல மரத்தில் அடித்தேன். கலங்கல் மட்டத்துக்குச் சரியாக மூன்று அடி மேலே. ஆணியைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட். மேடத்தின் வரைபடத்தில் இருந்த ஒவ்வோர் உயரமும் அந்த ஆணியிலிருந்துதான் கணக்கு. அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது திட்டு முழுக்க வெடிப்பு விட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு வெடிப்பில் பென்சில் விழுந்துவிட்டது. முழங்கை வரை கையை விட்டு எடுத்தேன். எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் பற்றி வேறு எதுவும் நினைக்கவில்லை.

வரைபடம் முடிந்து, காகிதங்கள் நகர்ந்து, வேலை அடுத்த கோடையில் என்று ஆனது. பறவை இருக்கும் மாதங்களில் வேலை செய்யக்கூடாது.

அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கலங்கல் ஓடினால் எங்கள் பக்கம் எல்லாரும் பார்க்கப் போவார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கல்லுக்கு மேலே தண்ணீர் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாகப் போய்க்கொண்டிருந்தது. சிலர் துணி விரித்து மீன் பிடித்தார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது ஏரி முழுவதும் கலங்கல் மட்டத்தில் நிற்கிறது. அப்படியானால் திட்டில் என் ஆணி தண்ணீருக்கு மேலே சரியாக மூன்று அடியில் இருக்க வேண்டும். போய்ப் பார்க்கவேண்டிய தேவை எதுவும் இல்லை. என் கையால் அடித்ததைத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ஆசைதான்.

ஏரியில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் தெர்மாகோலைக் கட்டித் தெப்பம் வைத்திருந்தார். என் வயதுக்காரர்.

"இன்னா மாமே, மேடத்த வுட்டுட்டு தனியா வந்துகினு கீற?"

"திட்டு வரைக்கும் போவணும்."

"முட்ட திருடப் போறியா?"

"அளவு பாக்கணும்."

"ஏரிய அளக்கறியா? அளந்து ஊட்டுக்கு எத்துனு போவப் போறியா? சரி, குந்து. ஆட்டாத."

மரத்தின் அடியில் காற்று இல்லாத பக்கமாகத் தெப்பத்தை நிறுத்தச் சொல்லி டேப்பை இறக்கினேன். மூன்று அடி மூன்று இஞ்ச் நான்கு நூல். இன்னொரு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை அவரையே ஆணியில் டேப்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே பார்த்தேன். அதேதான். ஆணி இருக்கவேண்டியதைவிட மூன்றரை இஞ்ச் உயரத்தில் இருந்தது.

முதலில் யாரோ கலங்கலை இடித்துத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். கல் அப்படியே இருந்தது, தண்ணீர் அதே கண்ணாடித் தாள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆணியை யாராவது பிடுங்கி மேலே அடித்திருப்பார்களா என்றால், பெயின்ட் அடித்த இடத்திலேயே அது இருக்கிறது. மிச்சம் இருந்தது நான்தான். நான் தப்பாக எடுத்திருக்க வேண்டும். ஆனால் மெஷினும் அதே தப்பை எப்படிச் செய்யும்?

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே காலண்டர் மாட்டிய சுவர். அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் உண்டு. கோடையில் விரல் நுழையும். மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். வருடா வருடம் நான் சிமென்ட் வைத்து அடைப்பேன், அது வருடா வருடம் உதிர்ந்து விழும். எங்கள் ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான். இருபது வருடமாக மற்றவர்கள் வீட்டு விரிசலையும் நானேதான் அடைத்திருக்கிறேன். அன்றைக்கு அது மூடியிருந்தது. திட்டிலும் காலையில் ஒரு வெடிப்புகூட இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. திட்டு முழுக்கவும் அந்த மண். கோடையில் கீழே இறங்கியிருந்த திட்டின் மேல் நான் ஆணி அடித்தேன். மழையில் திட்டு ஏறியது, மரம் ஏறியது, ஆணியும் ஏறியது. மரம் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே உயர்ந்துவிட்டது.

மண்ணைக் குத்திக் கலைக்கக்கூடாது என்பதற்காக மேடம் அஸ்திவாரத்தை மேலாகத்தான் போட்டிருந்தார். இரண்டடி. அந்தக் கட்டடமும் மண்ணோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஒரு மூலை ஓர் உயரத்திலும் இன்னொரு மூலை வேறு உயரத்திலும் நிற்கும். மூன்றரை இஞ்ச் என்பது ஒரு முழு இறக்கம். நான்கில் ஒன்று போனால் தண்ணீர் ஓடாது. மோட்டார்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் அம்பத்தூரில் வேறொரு வேலையில் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"யார்னா கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு நீயா போய் வாயக் குடுக்கற? மட்டம் எடுத்தது யாரு? நீ. தப்பு யார் மேல வுயும்? உன் மேல. கம்முனு கெட. மோட்டார் வச்சா வேல ஜாஸ்தி, நமுக்கு நல்லதுதான். நாரையா வந்து உனுக்கு சோறு போடப் போவுது?"

அவர் சொன்னது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சௌகரியமாக இருந்தது என்பதும் தெரிந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் அல்ல. ஆனால் மழை நின்றுவிட்டது. இன்னும் சில நாளில் கலங்கல் நின்று தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். இறங்கிவிட்டால் ஆணிக்கும் கலங்கலுக்கும் நடுவே காட்டுவதற்கு எதுவும் இருக்காது. சொல்வது என்றால் அப்போதே சொல்ல வேண்டும்.

மேடத்தின் நம்பர் என் போனில் இருந்தது. நானாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்டால் "ஆங்", "சரிங்க" என்பதோடு முடித்துவிடுவேன். அன்று காலை போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"அத்த எத்தினி நேரம் தடவிகினு இருப்ப? நீ பேசறியா, நான் பேசட்டா?"

"நீ பேசு."

அவள் போட்டுவிட்டாள். "மேடம், நான் அவுரு ஊட்ல இருந்து பேசறேன். ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறாரு. அந்த ஆணி ஏறிடுச்சாம். ஆமா, மரத்தோட. எனுக்கும் பிரியல. நீங்க வந்து பாருங்கோ. தண்ணி எறங்கறதுக்குள்ள வரணுமாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நாளைக்கு காலைல வராங்களாம். அண்ணாச்சிகிட்ட சொல்லுங்கன்னாங்க. யாரு அது அண்ணாச்சி?"

மறுநாள் மேடம் வந்தார். பெரிய அதிகாரியும் வந்தார். மேடமே சொல்லி அழைத்து வந்திருந்தார். அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெப்பத்தில் ஏறினார். தெர்மாகோல் ஒரு பக்கம் அமுங்கியது.

"சார், நடுவுல குந்துங்க," என்றார் மீன்காரர். "மீனுக்கு நீங்க புதுசு. பயந்துக்கும்."

அதிகாரி நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார். மீன்காரர் எங்கள் எல்லாரையும் இரண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மேலே கூடுகளில் நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. மேடம் தானே டேப்பை இறக்கிப் பார்த்தார். மூன்று அடி மூன்று இஞ்ச் நான்கு நூல். அதிகாரியிடம் டேப்பைக் கொடுத்தார். அவரும் பார்த்தார்.

"மரத்துலயா பெஞ்ச்மார்க் வச்சீங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"சர்வேயரும் அதையே ஒத்துக்கிட்டாரா? நல்லா இருக்கு." மேடம் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன். இந்த மண்ணுல நூல் பிடிச்சாப்ல இறக்கம் வச்சு ஓட்ட முடியாது. மோட்டார் போட்டுட்டா நாலு இஞ்ச் ஏறினா என்ன, எறங்கினா என்ன?"

மேடம் மறுபடி ஆணியை நிமிர்ந்து பார்த்தார்.  அதிகாரி கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன்.  மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏழு அடிக்குக் கீய மண்ணு எப்பவும் ஈரமாவே கீது சார். அது ஏறாது, எறங்காது."

"யார் சொன்னது?"

"எங்க ஊர்ல கக்கூஸ் குயி தோண்டி இருக்கேன். சித்திரையில தோண்டினாலும் ஏழு அடிக்கு அப்பால வெடிப்பு இருக்காது. களி அல்வா மாதிரி வரும்."

மீன்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மேடம் சட்டென்று பேச ஆரம்பித்தார். கையாலேயே துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்தி, கான்கிரீட் நிரப்பித் தூண் எழுப்பலாம், கரிசல் மண்ணில் அப்படித்தான் செய்வார்கள், சத்தம் வராது, மெஷின் வேண்டாம், கட்டடம் தூண் மேல் நிற்கும், மண் அதற்குக் கீழே தன் பாட்டுக்கு ஏறி இறங்கட்டும் என்றார். கண்மாய் வண்டல் என்று நினைத்துவிட்டேன், களி என்று நினைக்கவில்லை, அது என் தப்பு என்றும் சொன்னார்.

அதிகாரி கூடுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னது இதுதான்: "கக்கூஸ் குழியை நம்பி ஃபைல்ல கையெழுத்துப் போட முடியாது. நிரூபிச்சுக் காட்டுங்க. சித்திரை வரைக்கும் டைம். இல்லைன்னா என் டிராயிங்தான்."

நிரூபிக்க வழியை மேடம்தான் சொன்னார். ஆணி மரத்துக்குப் பக்கத்தில் கையால் ஏழு அடித் துளை போட்டோம். ஒரு குழாயை இறக்கி, அதற்குள் குழாயைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியை நிறுத்தி, கம்பியின் பாதத்தை மட்டும் அடியில் கான்கிரீட்டில் பிடிக்க வைத்தோம். ஒரே காலையில் முடிந்துவிட்டது. கம்பியின் தலை அன்றைய தண்ணீருக்கு மூன்று அடி மேலே இருக்கும்படி அறுத்தோம். கலங்கல் அதற்கு நான்காம் நாள் நின்றது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் தெப்பத்தில் போய் ஆணிக்கும் கம்பிக்கும் டியூப் பிடித்துப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். கூடுகளுக்கு அடியில் போகமாட்டேன். அப்படியும் சட்டையெல்லாம் எச்சம். மார்கழி முழுக்க ஆணி அசையவில்லை. தையிலும் ஒன்றும் இல்லை. மேடம் போனில் கேட்பார், நான் "அப்படியேதான் கீது" என்பேன். மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்து என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மாசியிலும் அரை நூலைத் தாண்டவில்லை. ஆணி இறங்கவில்லை என்றால் நான் சொன்னது எல்லாமே பொய்யாகிவிடும். அப்போது மட்டம் எடுத்தவன் தப்பு என்பது ஒன்றுதான் மிஞ்சும்.

பங்குனியில் திட்டின் மேல் மயிரிழை போல முதல் வெடிப்பு தெரிந்தது. அந்த வாரம் ஆணி மூன்று நூல் இறங்கியிருந்தது. அடுத்த வாரம் ஆறு நூல். பறவைகள் கிளம்பிப் போயின. சித்திரை நடுவில் வெடிப்பில் என் கை முழங்கை வரை போனது. ஆணி மூன்று இஞ்ச் ஒரு நூல் இறங்கியிருந்தது. கலங்கலிலிருந்து காய்ந்த ஏரியில் முளை முளையாக வந்து கம்பியைப் பார்த்தேன். சர்வேக்காரரும் மெஷினோடு வந்து பார்த்தார். கம்பி இரண்டு நூல்கூட அசையவில்லை.

அதிகாரி நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். என் கோணல் எழுத்தைப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது.

"கட்டடத்துக்கு ஏழு போதாது. ஒன்பது அடி போடுங்க," என்று மேடத்திடம் சொன்னார். கார் கதவைத் திறந்து பின்சீட்டில் இருந்த சுருளை எடுத்து டிரைவரிடம் ஆபீசில் வைக்கச் சொன்னார்.  அவர் மோசமான மனிதர் இல்லை. எண்ணைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறவர்.

அந்தக் கோடையிலேயே வேலை ஆரம்பித்தது. இருபத்திரண்டு துளை, எல்லாம் கையால். தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டோம். குழாய் திட்டில் ஏறும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்பு. மேஸ்திரிதான் ஆள் கொண்டுவந்தார். வேலை என்று வந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாபா இது, கட்டடத்த கட்டில் மேல படுக்க வச்சா மாதிரி கீது. கீய பாம்பு வந்து குந்தும் பாரு."

பாம்பு வந்ததா என்று தெரியவில்லை. நீர்க்கோழி வந்தது. அந்தச் சாண் இடைவெளிக்குள் ஓடி ஓடி மறைந்துகொள்ளும்.

புரட்டாசியில் முடித்தோம். தெருக் கால்வாயைத் திறந்துவிட்டபோது நாங்கள் நான்கைந்து பேர்தான் அங்கே இருந்தோம். கறுப்புத் தண்ணீர் முதல் தொட்டியில் நிரம்பி, விளிம்பு தாண்டி, ஜல்லிக்குள் போனது. கடைசித் தொட்டிக்கு வர மூன்று நாள் ஆனது. தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மேடம் குனிந்து கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

முதல் வருடம் கட்டடத்தை ஒட்டிய மூன்று மரங்களில் ஒரு கூடும் இல்லை. மற்ற மரங்களில் வழக்கம்போல இருந்தன. இரண்டாவது வருடம் அந்த மூன்றில் ஒன்றில் வக்கா கட்டியது. நாரை இன்னும் வரவில்லை. வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

மேடத்துக்கு வேறு மாவட்டத்துக்கு வேலை மாறிவிட்டது. கலங்கல் ஓடுகிற செய்தி வந்தால் போன் செய்வார். இப்போதெல்லாம் நானே எடுத்துப் பேசுகிறேன்.

"நிக்குதா அண்ணாச்சி?"

"நிக்குது."

"இத அப்படியே எழுதி வைங்க. பின்னால ரிப்பேருக்கு வாரவங்க அந்த ஆணிய நம்பிறக் கூடாதுல்லா."

மூன்று வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்தை நினைத்து நான் தள்ளிப்போட்டேன். ஆணி இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. பெயின்ட் வெளுத்துவிட்டது, ஆனாலும் தெரியும். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தின் ஏரிப்பக்கத்தில் சுவர் வரை எழும்பும் தூணில் கலங்கலுக்கு மூன்று அடி மேலே புதிதாக ஒரு கோடு வெட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதிலிருந்து அளக்க வேண்டும்.

நேற்று முதல் கலங்கல் ஓடுகிறது. இன்று காலை தெப்பத்தில் போய் எடுத்த அளவு: ஆணி, மூன்று அடி மூன்று இஞ்ச் மூன்று நூல். தூண், மூன்று அடி, சரி.

கார்த்திகை இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.